ட்வீட் ஜாக்கெட்ல வர்ற குறைகள்: எங்க தெரியுது, எங்க இருந்து வருது, எப்படி சரி பண்ண

ஜாக்கெட்னு சொன்னதும் சேலைக்கு போடுறதுன்னு நினைச்சிராதீங்க. ட்வீட்ங்கிற தடிச்ச கம்பளித் துணியில காலர் இல்லாம, ஓரம் முழுக்க பின்னல் வச்சு, முன்னால நாலு பாக்கெட்டோட வருமே அந்த கோட்டு. 1954-ல கோகோ ஷனேல் பாரிஸ்ல தன்னோட தையல் நிறுவனத்த திரும்ப திறந்த பெறகு உலகம் முழுக்க பரவுன மாடல். பாக்க கோட்டு, போட்டா ஸ்வெட்டர் மாதிரி மெத்துனு கெடக்கும், அதுதான் இதுக்க விசேஷம். எங்க கன்னியாகுமரி மாவட்டத்துல தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து அயர்லாந்துன்னு போற பிள்ளைகள் நிறைய, போறதுக்கு முன்ன நல்ல கோட்டு ஒண்ணு தச்சு தாங்க அக்கான்னு வருவாங்க, அப்படித்தான் நானும் இதுல இறங்குனேன். முதல்ல தச்ச ரெண்டும் எனக்கு திருப்தி இல்ல, மூணாவதுல இருந்துதான் கைக்கு வந்துது.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நம்மூர்ல கோட்டுனா பிளேசர் பழக்கம், கேன்வாஸ் வை, ஃபியூசிங் (இஸ்திரி சூட்டுல ஒட்டுற விறைப்புத் துணி) ஒட்டு, ஷோல்டர் பேடு போடுன்னு கை தன்னால போவும். இதுல அது எதுவும் முக்கியம் இல்ல. ட்வீட்டையும் பட்டு லைனிங்கையும் ஒண்ணா வச்சு மேலருந்து கீழ வரிசையா குயில்டிங் தையல் போடுறோம் பாத்தியளா, அந்த கோடுகள்தான் துணிய பிடிச்சு நிக்க வைக்குது. அதனால இந்த கோட்டுல குறை ஒரு இடத்துல தெரியும், காரணம் நாலு வேலைக்கு முன்ன எங்கயோ கெடக்கும். தெரியுற இடத்த மட்டும் பிரிச்சு பிரிச்சு தச்சா துணிதான் வீணாவும்.

வெட்டுன உடனே ஓரம் உதிருது

ட்வீட் லூசான நெசவு, உதிரத்தான் செய்யும், பயப்படாதீங்க. ப்ளவுஸுக்கு விடுற மாதிரி அரை இஞ்சு விட்டீங்கன்னா செத்தீங்க, குறைஞ்சது ஒன்றரை இஞ்சு விடணும் எல்லா பக்கமும். ஓவர்லாக்ல ஓட்டிராதீங்க, ஓரம் இழுபட்டு அலை அலையா ஆயிரும், பெறகு இஸ்திரி போட்டாலும் படியாது. சாக்பீஸ் கோடும் இதுல நிக்காது, அதனால தையல் கோட்ட வேற கலர் காட்டன் நூல வச்சு டாக்கிங் (பெறகு உருவி எடுக்குற தற்காலிக ஓட்டுத்தையல்) போட்டே மார்க் பண்ணுங்க, கழுத்து, முண்டா (கை மூட்டுற வளைவு), டார்ட் (உடம்பு வளைவுக்கு பிடிக்குற மடிப்பு), முன்பக்க நடு கோடு எல்லாமே. பெறகு ஓரம் எவ்வளவு உதிர்ந்தாலும் கவலை இல்ல, நாம தைக்கிறது நூல் கோட்ட பாத்து, வெட்டுன ஓரத்த பாத்து இல்ல. ஏற்கனவே அரை இஞ்சுல வெட்டி உதிர்ந்துட்டுன்னா, ஓரத்துக்கு அடியில ஒரு இஞ்சு அகல ஆர்கன்சா (மெலிசா விறைப்பா இருக்குற துணி) பட்டிய கையால பிடிச்சு, அது மேல தைக்கலாம், நிக்கும்.

கட்டம் பொருந்தல

ரெண்டு துணியா மடிச்சு வெட்டியிருப்பீங்க. அடித்துணி நகந்துருக்கும். ஒரு பீஸ் வெட்டி, அதையே கவுத்தி துணி மேல வச்சு, கட்டத்து மேல கட்டம் விழுந்துருச்சான்னு பாத்து அடுத்த பீஸ வெட்டணும். கட்டம் பொருந்த வேண்டியது தையல் கோட்டுல, வெட்டு ஓரத்துல இல்ல, இத நிறைய பேர் தவற விடுறாங்க.

வெட்டுனது சரியா இருந்து மெஷின்ல நகந்துருச்சுன்னா, பிரிச்சுட்டு, ஒரு பக்க மடிப்ப தையல் கோட்டுல உள்ள மடிச்சு மறு பக்கத்து மேல வச்சு, நல்ல பக்கத்துல இருந்தே கையால டாக்கிங் போடுங்க, ஊசி ஒருதடவ மடிப்புக்குள்ள ஓடி ஒருதடவ கீழ துணியில ஓடணும். பெறகு திறந்து உள்பக்கமா மெஷின் ஓட்டுனா கோடு கோட்டோட சேரும். முன்பக்கமும் கையோட முன்பகுதியும் சேந்தா போதும், முதுகுப்பக்க சைடு தையல்ல கால் இஞ்சு விலகுனா யாரும் பாக்கப் போறதில்ல, அதுக்காக உயிர விடாதீங்க.

குயில்டிங் போட்ட பெறகு பீஸ் சின்னதாப் போச்சு

இது ரொம்ப பேருக்கு வர்றது, எனக்கும் வந்துது. முதல் கோட்டுக்கு காடா துணியில மாதிரி தச்சு, பிட்டிங் பாத்து, எல்லாம் சரியா வந்த சந்தோஷத்துல அளவு துல்லியமா ட்வீட்ட வெட்டி, லைனிங்க வெட்டி, குயில்டிங் போட்டேன், கடைசியில பட்டன் இடத்துல முக்கால் இஞ்சு பத்தல. எங்க போச்சு முக்கால் இஞ்சு? ஒவ்வொரு கோடும் துணிய ஒரு நூலளவு இழுக்கும், ஒரு பீஸுல ஆறு கோடு ஏழு கோடுன்னு வந்தா மொத்தமா அவ்வளவு போயிரும். ட்வீட் தடிமனா இருந்தா இன்னும் கூட.

அதனால பேட்டர்ன் அளவுக்கு வெட்டவே வெட்டாதீங்க. சுத்தி ரெண்டு இஞ்சு தாராளமா விட்டு செவ்வகம் மாதிரி வெட்டி, டாக்கிங்ல அளவு கோட்ட போட்டு, குயில்டிங்க முடிச்சுட்டு, ஆவி காட்டி ஆற விட்டு, பேட்டர்ன திரும்ப மேல வச்சு புதுசா கோடு போடணும். ரெண்டு கோட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பாத்தா உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும்.

இப்பம் ஏற்கனவே தச்சாச்சு, பத்தலன்னா? ஒன்றரை இஞ்சு விட்டிருந்தா சைடு தையல்ல இருந்து எடுக்கலாம். அதுவும் இல்லன்னா முன்பக்கம் மூடவே வேண்டாம், பட்டன வெறும் அழகுக்கு வச்சு திறந்தே போடுற மாதிரி விடுங்க, இந்த மாடல் கோட்டுகள் பாதி அப்படித்தான் போடுறாங்க, குறைவா தெரியாது.

லைனிங் பக்கம் சுருக்கம், ட்வீட் பக்கம் பள்ளம் பள்ளமா

அடித்துணி ஒரு வேகத்துல மேல்துணி ஒரு வேகத்துல போவுது, அதுதான். பட்டு வழுக்கும், ட்வீட் பிடிக்கும். வாக்கிங் ஃபுட்டுன்னு ஒரு கால் கிடைக்கும், மேல்துணியவும் சேத்து நகத்தும், அத மாட்டுங்க, தையல் நீளத்த மூணு மில்லிமீட்டருக்கு மேல வைங்க, காலோட அழுத்தத்த குறைங்க. ஊசி புதுசா இருக்கணும், பட்டுல மொட்டை ஊசி இழை இழுத்து கோடு கோடா விழும். எல்லா கோட்டையும் ஒரே பக்கமா, மேலருந்து கீழ, ஓட்டுங்க. போக வர ஓட்டுனா ஒரு கோடு இடதுக்கும் அடுத்தது வலதுக்கும் இழுக்கும், பீஸ் முறுக்கிக்கும்.

அதுக்கும் முன்ன, பின் மட்டும் குத்திட்டு ஓட்டாதீங்க. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல கையால டாக்கிங் போடுங்க, அரைநாள் வேலைதான், செய்யணும்.

கோடு ஆரம்பிக்குற இடத்துலயும் முடியுற இடத்துலயும் பின்தையல் போட்டா அங்க முடிச்சு மாதிரி தெரியும். நூல நீளமா விட்டு, ஊசியில கோத்து ரெண்டு துணிக்கும் நடுவுல இழுத்து முடிச்சு போடணும். அடியில ரெண்டு இஞ்சு, சைடு தையலுக்கு ஒன்றரை இஞ்சு முன்னாலயே கோட்ட நிறுத்திரணும், இல்லன்னா பெறகு லைனிங்க மடிச்சு கையால மூட இடமே இருக்காது. கடைசி வரைக்கும் ஓட்டிட்டீங்கன்னா அந்த கடைசி துண்ட மட்டும் பிரிச்சு நூல உள்ள இழுத்துருங்க, மொத்தத்தையும் பிரிக்க வேண்டாம்.

மழையில தச்சேன், வெயில் வந்ததும் அளவு மாறிப்போச்சு

இத ஏன் தனியா எழுதுறேன்னா வெளிநாட்டு தையல் பாடங்கள்ல இதுக்கு பெருசா இடம் இருக்காது, நம்ம மாவட்டத்துல இது பெரிய தலைவலி. நமக்கு ரெண்டு மழை, ஜூன்ல தென்மேற்கு, அக்டோபர்ல வடகிழக்கு. கம்பளி தன் எடையில முப்பது சதவீதம் வரைக்கும் ஈரத்த உறிஞ்சும், தொட்டா ஈரம்னு தெரியவே தெரியாது. ஈரம் ஏறுனா இழை விரியும், துணி நீளும், காஞ்சா திரும்ப சுருங்கும். குலசேகரத்துல மழை விடாம பெய்யுற வாரத்துல வெட்டுன துணி, ஆரல்வாய்மொழி காத்துல ரெண்டு நாள் கெடந்தா அதே அளவுல இருக்காது. பட்டும் ஈரம் இழுக்கும், ஆனா கம்பளி அளவுக்கு நீளாது, அதனால ரெண்டையும் சேத்து தச்ச இடத்துலதான் சுருக்கம் விழும், தையல் சரியில்லன்னு நாம மெஷின திட்டிட்டு இருப்போம்.

நான் செய்றது இது. துணி வந்ததும் மொத்தத்தையும் ஆவி காட்டுவேன், இஸ்திரிப் பெட்டிய துணிக்கு ஒரு விரல் மேல பிடிச்சு, தொடாம. பெறகு அசைக்காம ஒருநாள் மேசையில விரிச்சபடியே கெடக்கும். லைனிங்குக்கும் அதேதான். மழை வாரமா இருந்தா வெட்டு வேலைய தள்ளி வச்சுட்டு டாக்கிங், காஜா (பட்டன் ஓட்டை) பழகுறது, பின்னல் பின்னுறதுன்னு மத்த வேலைய பாப்பேன். அவசரம், அடுத்த வாரம் பிள்ளைக்கு பிளைட்டுன்னா, கதவ சாத்தி வெட்டுற துணிய பெட்டியால காயவச்ச உடனே வெட்டி, குயில்டிங் வரைக்கும் ஒரே மூச்சுல முடிச்சுருவேன், பாதியில போட்டு வச்சா அளவு மாறிரும்.

ஏற்கனவே சுருக்கம் விழுந்துட்டுன்னா உடனே பிரிக்காதீங்க, வெயில் அடிக்கிற நாள்ல நிழல்ல ரெண்டு நாள் விரிச்சு போட்டு பாருங்க, பாதி தன்னால போயிரும். மிச்சம் இருக்குறதத்தான் பிரிக்கணும்.

கை மூட்டுற இடத்துல பொக்கு பொக்கா நிக்குது

முதல்ல துணி என்னன்னு பாருங்க. நாலு இழை எடுத்து சாயா தட்டு மேல கொளுத்துங்க. கம்பளின்னா முடி கருகுற மணம் வரும், விரல்ல நசுக்குனா பொடியாவும். உருகி கெட்டி மணியா நின்னா பாலியெஸ்டரோ அக்ரிலிக்கோ. இது ஏன் முக்கியம்னா, கையோட மேல் வளைவு முண்டாவ விட ஒன்றேகால் ஒன்றரை இஞ்சு கூடுதலா இருக்கும், அந்த கூடுதல ரெண்டு வரி ஓட்டுத்தையல் போட்டு சுருக்கி, ஆவி காட்டி கம்பளிய சுருங்க வச்சுத்தான் உள்ள அடக்குறோம். கம்பளி அடங்கும். பாலியெஸ்டர் அடங்கவே அடங்காது, நீங்க எவ்வளவு நல்லா தச்சாலும் பொக்கு நிக்கும். அக்ரிலிக்கு அதுக்கும் மேல, சூடான ஆவி பட்டா தளந்து தொங்கிரும், திரும்பாது. கலப்புத் துணின்னா கை வளைவோட உயரத்த குறைச்சு வெட்டி கூடுதல் முக்கால் இஞ்சுக்கு மேல வராம பாத்துக்கிடுங்க.

கம்பளிதான், ஆனாலும் பொக்குன்னா, நீங்க ஆவி காட்டுறதுக்கு முன்னாலயே கைய மூட்டிட்டீங்க. பிரிங்க. டவல உருண்டையா சுருட்டி வளைவ அது மேல வச்சு, பெட்டிய தொடாம ஆவி காட்டி, விரலால பைய தட்டித் தட்டி, முழுசா ஆறுற வரைக்கும் எடுக்காதீங்க. அதுக்கு பெறகு கையால டாக்கிங், போட்டுப் பாத்து, கையாலயே பின்தையல். மெஷின்ல மூட்டலாம்தான், ஆனா கையால மூட்டுனா பொக்கு எங்க வருதுன்னு ஊசி குத்தும்போதே தெரியும்.

கை முறுக்கிட்டு நிக்குதுன்னா வேற காரணம். நாம நிக்கும்போது கை நேரா தொங்காது, கொஞ்சம் முன்னால வரும், ஆளுக்கு ஆள் மாறும். மெஷின்ல நாள் முழுக்க குனிஞ்சு இருக்குற எனக்க கை ரொம்ப முன்னால வரும். கை வளைவ அரை இஞ்சு முன்பக்கமா திருப்பி பிடிச்சு பாருங்க, சரியாயிரும். இந்த கோட்டுக்கு கை மூணு பீஸ், மேல நடுவுல ஒரு தையல் ஓடும், அந்த தையல் ஷோல்டர் தையல விட்டு கொஞ்சம் விலகும், பரவால்ல, கை நேரா விழுறதுதான் முக்கியம்.

கைய தூக்குனா கோட்டே மேல வருது

முண்டா கீழ இறங்கிருச்சு. இறுக்கமா இருக்குன்னு இன்னும் கொஞ்சம் வெட்டி விடத்தான் கை போவும், வெட்டாதீங்க, வெட்ட வெட்ட இன்னும் மோசமாவும். அக்குளுக்கு ஒட்டி முண்டா இருந்தாத்தான் கை மட்டும் தனியா அசையும். ஷோல்டர்ல துணி விட்டிருந்தா அங்க அரை இஞ்சு மேல தூக்கி தைங்க, முண்டா தன்னால ஏறும், கழுத்து கொஞ்சம் குறையும், அத மட்டும் திரும்ப வரைஞ்சு வெட்டணும்.

அட்டை மாதிரி நிக்குது

ஃபியூசிங் ஒட்டியிருப்பீங்க. முழுசா ஒட்டியிருந்தா திரும்ப எடுக்குறது கஷ்டம், இழையோட பிடிச்சிரும். அடுத்ததுல கழுத்து, ஷோல்டர், முன் ஓரம் மூணு இடத்துக்கு மட்டும் பட்டு ஆர்கன்சா பட்டி கையால வைங்க, போதும். பட்டுச்சேலை கரையோட ஓரத்துல நீளவாட்டு விளிம்பு இருக்குல்ல, அத அரை இஞ்சு அகலத்துல கிழிச்சு எடுத்தாலும் ஷோல்டருக்கு கொள்ளாம்.

கழுத்து விரிஞ்சு முன்னால சாயுறதும் இந்த பட்டி வைக்காததாலதான். கழுத்து அளவ காடா மாதிரியில இருந்து எடுத்து, பட்டிய அந்த அளவுக்கு வெட்டி, விரிஞ்ச துணிய அதுக்குள்ள அடக்கி தச்சு ஆவி காட்டுங்க.

முன்பக்கம் பிரிஞ்சு பறக்குது, அடி தூக்குது

சங்கிலி வைக்கலயான்னு கேப்பீங்க. அடியில லைனிங் முடியுற இடத்துக்கு கொஞ்சம் கீழ, உள்பக்கம் ஒரு சங்கிலி ஓடும், அதுதான் ஷனேல் கோட்டுகளோட அடையாளம், கோட்டு பாரமா நேரா தொங்கறதுக்கு. ஆனா சங்கிலி வைக்குறதுக்கு முன்ன கோட்டு தானா நேரா தொங்கணும். ரெண்டு முன்பக்கமும் கீழ ஒண்ண விட்டு ஒண்ணு விலகி ஓடுதுன்னா முன்பக்க நீளம் பத்தல, மார்பு அளவு கூடுனவங்களுக்கு இது கண்டிப்பா வரும். ஷோல்டர் தையல பிரிச்சு கழுத்துப் பக்கத்துல முன்பீஸ கால் இஞ்சு கால் இஞ்சா இறக்கிப் பாருங்க, நேரா நிக்குற இடத்துல பின் குத்துங்க. அது சரியாவாம சங்கிலிய வச்சா ரெண்டு பக்கமும் பாரத்தோட விலகும், அவ்வளவுதான்.

சங்கிலி விஷயத்துல கடலோரத்துக்காரங்க கவனிங்க. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி பக்கம் உப்புக்காத்துக்கு பித்தளை பச்சை பூக்கும், அந்த பச்சை பட்டுல இறங்குனா போவாது. ஃபேன்சி ஸ்டோர்ல வாங்குன சங்கிலிய உப்புத்தண்ணி நனைச்ச வெள்ளத் துணியில சுத்தி ராத்திரி வைங்க, காலையில துணியில கறை இருந்தா அந்த சங்கிலி வேண்டாம். தைக்கும்போது ஒவ்வொரு வளையத்துலயும் மேல ஒரு குத்து கீழ ஒரு குத்து, முன் ஓரத்துக்கு ஒரு இஞ்சு முன்னாலயே நிறுத்திருங்க. வச்ச பெறகு அது மேல நேரா இஸ்திரி போட்டா வளையம் அச்சு ட்வீட்ல விழுந்துரும்.

லைனிங் கீழ எட்டிப் பாக்குது, இல்லன்னா அடிய உள்ள இழுக்குது

ரெண்டும் ஒரே குறைதான். லைனிங்க தொங்க விட்டு பிடிக்கணும், மேசையில விரிச்சு பிடிச்சா போட்டதும் இழுக்கும். தையல் பொம்மையில மாட்டி, இல்லன்னா ஆளயே நிக்க வச்சு, அடி மடிப்புக்கு முக்கால் இஞ்சு மேல லைனிங்க மடிச்சு, சின்ன தளர்ச்சி விட்டு கையால ஹெம்மிங்.

காஜா பிஞ்சுட்டு

ட்வீட்ல மெஷின் காஜா நிக்காது. வெட்டுறதுக்கு முன்ன, ட்வீட்டுக்கும் லைனிங்குக்கும் நடுவுல ஆர்கன்சா துண்டு வச்சு, காஜா இடத்த சுத்தி சின்ன தையல்ல ஒரு பெட்டி அடிச்சுட்டு, பெறகு வெட்டி, ஓரத்த பைய சுத்தி, நடுவுல தடி நூல் ஒண்ண படுக்க வச்சு அது மேல பட்டு நூல்ல காஜா தையல் போடணும். லைனிங் பக்கத்துல தனியா ஒரு கீறல் போட்டு ஓரத்த உள்ள மடிச்சு ஹெம்மிங் பண்ணிருவாங்க, ரெண்டு பக்கமும் சுத்தமா இருக்கும். பத்து காஜா பழகாம கோட்டுல கைய வைக்காதீங்க. துணி ரொம்ப லூசுன்னா காஜாவே வேண்டாம், உள்ள ஊக்கு வச்சு மேல பட்டன தச்சுருங்க.

ஓரத்து பின்னல் வளையுது

பின்னல இழுத்து தச்சா ஓரம் உள்ள சுருளும், தளத்தி தச்சா அலை அடிக்கும். மெஷின் ரெண்டுல ஒண்ண கண்டிப்பா செய்யும், அதனால கையாலதான், ரெண்டு ஓரத்துலயும். கழுத்து வளைவுக்கு, பின்னல தைக்குறதுக்கு முன்னாலயே ஆவி காட்டி வளைச்சு ஆற வச்சிருங்க.

கடையில கிடைக்குற லேஸு எதுவும் துணியோட சேர மாட்டேங்குதுன்னு நிறைய பேர் வருத்தப்படுறீங்க. நம்ம ஊர்லயே இதுக்கு வழி இருக்கு. நாகர்கோவில்ல 1820-கள்லயே லண்டன் மிஷன்ல இருந்து வந்த மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்ன சொல்லிக் குடுத்தாங்க, அந்த கை வேலை இன்னும் இந்த மாவட்டத்துல இருக்கு, முளகுமூடு பக்கம் லேஸும் குரோஷாவும் தெரிஞ்ச அக்காமார் இருக்காங்க. ட்வீட் துணியோட மிச்சத் துண்டுல இருந்து இழைய உருவி எடுத்து, ரெண்டு மூணு இழைய சேத்து குரோஷா ஊசியில சங்கிலிப் பின்னல் போட்டா அதே கலர், அதே கம்பளி, துணியோட அப்படியே ஒட்டிரும். போன தடவ எனக்க மாமியார் ரெண்டு சாயங்காலத்துல நாலு மீட்டர் பின்னித் தந்தாங்க, கடையில எத்தன ரூபா குடுத்தாலும் அது கிடைக்காது.

பீரோவுல வச்சது பூத்துட்டு

ஊருக்கு வந்த பிள்ளைகள் கோட்ட அம்மா வீட்ல விட்டுட்டு போறது உண்டு. பிளாஸ்டிக் கவர்ல வைக்காதீங்க, ஈரம் உள்ளயே நின்னு பூசணம் பிடிக்கும். ஹேங்கர்லயும் மாசக்கணக்குல தொங்க விடாதீங்க, சங்கிலி பாரத்துக்கு துணி இறங்கிரும். பழைய வேட்டியில சுத்தி படுக்க வைங்க, காஞ்ச வேப்பிலைய சின்ன துணிப்பையில கட்டி பக்கத்துல வைங்க. வெயில் வர்ற வாரத்துல எடுத்து நிழல்ல உலத்துங்க. பூத்துட்டுன்னா ஈரத்துணியால துடைக்காதீங்க, நல்லா காஞ்ச பெறகு வெளிய கொண்டு போய் மெத்தையான பிரஷ்ல இழை ஓடுற பக்கமா தட்டி விட்டுட்டு, சங்கிலிய பிரிச்சு எடுத்து வச்சுட்டு டிரை கிளீனிங்குக்கு குடுங்க.